வணங்கும் தலை வலிக்கும்போது

மார்கழி மாதத்து விடியற்காலை. காவிரிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரின் சிவாலயத்தில் திருப்பள்ளியெழுச்சி முடிந்து தீபாராதனை ஆயிற்று. 75 வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் வழக்கம்போல் கொடிமரத்தின் அருகே வந்து, விழுந்து வணங்குவதற்காகக் குனிந்தார். குனிந்த அந்தக் கணத்தில், தலைக்குள் கனமான ஒரு பொருள் உருண்டு வந்து நெற்றியில் மோதியதுபோல் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நமஸ்காரத்தை முடித்தார். எழுந்து நின்றதும் வலி சற்றுத் தணிந்தது. நெற்றி நிறையத் திருநீறு தரித்துக்கொண்டு வீடு திரும்பினார். ஒருவரிடமும் எதுவும் சொல்லவில்லை.

சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. சொன்னால், “இந்தப் பனியில் இனிக் கோயிலுக்குப் போக வேண்டாம்” என்று மகன் தடுத்துவிடுவான். நாற்பது ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாத மார்கழி வழிபாடு. திருவாதிரைக்கு இன்னும் பத்தே நாட்கள். ஆருத்ரா தரிசனம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தமக்குள் முடிவு செய்துகொண்டார். எல்லாம் பனியின் வேலை என்றே எண்ணி, இரவில் நெற்றிக்குச் சுக்குப் பற்று போட்டார். வெந்நீரில் ஆவி பிடித்தார். மறுநாள் காலை மீண்டும் குனிந்தார், மீண்டும் வலித்தது.

கோயிலுக்குச் செல்லும் முதியோர் பலருக்கு இந்த அனுபவம் புதிதன்று. விழுந்து வணங்கும்போதும், வாசலில் கோலமிடும்போதும், பூஜைப் பாத்திரங்களைத் துலக்கும்போதும், உதிர்ந்த பவளமல்லியைப் பொறுக்கும்போதும் தலை வலிக்கிறது என்று சொல்வோர் பலர். சொல்லாமல் மறைப்போர் அதனினும் பலர். பெரும்பாலானவர்களுக்கு இதன் காரணம் எளியது, எளிதில் தீர்வது. ஒரு சிலருக்கு மட்டும் அது உடல் விடுக்கும் அவசர எச்சரிக்கை. எது எளியது, எது எச்சரிக்கை என்று பிரித்தறிவதே இங்கு முக்கியம். அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது எது என்பதைப் பின்னர் காண்போம்.

குனியும்போது நிகழ்வது என்ன?

நாம் நிமிர்ந்து நிற்கும்போது தலையில் உள்ள ரத்தம் கழுத்து நரம்புகளின் வழியே தானாகவே கீழிறங்கி இதயத்தை வந்தடைகிறது. தலை இதயத்தைவிடத் தாழும்போது அந்த இறக்கம் ஏற்றமாகிவிடுகிறது. தலைக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களில் அழுத்தம் சற்றே கூடுகிறது. மூளையைச் சூழ்ந்துள்ள நீரின் அழுத்தமும் உடன் உயர்கிறது. நலமாக உள்ளவருக்கு இதனால் ஒன்றும் தெரிவதில்லை. தலைக்குள் ஏற்கெனவே ஓரிடம் வீங்கியோ, அழற்சியுற்றோ, நெருக்கப்பட்டோ இருந்தால், இந்தச் சிறு அழுத்தமே அங்கு வலியாக வெளிப்படுகிறது. மூளைக்குத் தனக்கென்று வலி உணர்வு கிடையாது. வலிப்பவை அதன் மேலுறைகளும், ரத்தக் குழாய்களும், முகத்தின் உட்பகுதிகளுமே.

ஆகவே, குனிவது நோயை உண்டாக்குவதில்லை. உள்ளே இருப்பதைக் காட்டிக் கொடுக்கிறது. குனிவதை நிறுத்தினால் வலி மறையலாம், காரணம் மறைந்துவிடாது.

‘நீர் கோத்துக்கொண்டது’ என்பது சரியா?

குனியும்போது வரும் தலைவலிக்கு நம் வீடுகளில் முதலில் சொல்லப்படும் காரணம், ‘தலையில் நீர் கோத்துக்கொண்டது’ என்பது. விடியற்காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் உலராமல் கோயிலுக்குச் சென்றதால் குளித்த நீரே உள்ளே இறங்கிவிட்டது என்று பலரும் நம்புகின்றனர். குளிக்கும் நீர் மண்டைக்குள் இறங்குவதற்கு வழியில்லை. ஆனால் இந்த வழக்குமொழி சுட்டும் நோய் உண்மையானதே. நெற்றி எலும்பிலும், இரு கன்னங்களிலும், கண்களுக்கு நடுவிலும், மூக்கின் பின்னே ஆழத்திலும் இணை இணையாகக் காற்றறைகள் உள்ளன. சைனஸ் என்று நாம் சொல்வது இவற்றைத்தான். இவற்றின் உட்சுவரில் சுரக்கும் சளி, சிறு துவாரங்களின் வழியே மூக்கில் வடிந்துவிட வேண்டும். சளிப் பிடித்தோ ஒவ்வாமையாலோ அந்தத் துவாரம் வீங்கி அடைபட்டால், சளி உள்ளேயே தேங்குகிறது. குனியும்போது நெற்றியும் கன்னமும் கனத்து வலிப்பது இதனால்தான்.

மூக்கடைப்பு, கெட்டியான சளி, வாசனை தெரியாமை, மேல்வரிசைப் பற்களில் கூச்சம், கன்னத்தை அழுத்தினால் வலி ஆகியவை உடனிருந்தால் சைனஸ் என்று ஐயுறலாம். கற்பூரத்தின் மணமும் சாம்பிராணியின் மணமும் தெரியவில்லையே என்று சில முதியோர் முதலில் உணர்வதும் உண்டு. இத்தகைய சளித்தொல்லை பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒரு வாரம் முதல் 10 நாட்களுக்குள் தானே குறையத் தொடங்கும். அதற்குள் மருந்துக் கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவது வீண். 10 நாட்களுக்கு மேலும் குறையாவிட்டாலும், குறைந்துவந்த தொல்லை திடீரென்று அதிகரித்தாலும், கடுங்காய்ச்சல் கண்டாலும், கண்ணைச் சுற்றி வீங்கினாலும் மருத்துவரைக் காண வேண்டும்.

ஆவி பிடிப்பது இதம் தரும். எனினும், கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வையைப் போர்த்திக் குனிந்து அமர்வது முதியோருக்கு ஆபத்து. கை நடுங்கிப் பாத்திரம் கவிழ்ந்தால் மடியும் காலும் வெந்துவிடும். குனிந்தால் வலிக்கும் தலையை மேலும் குனியவைத்து ஆவி பிடிப்பதிலும் பொருளில்லை. ஆவி பிடிப்பதற்கென்றே விற்கும் மூடிய கருவியை மேசையின் மேல் வைத்து நிமிர்ந்து அமர்ந்து பிடிக்கலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை நெற்றியிலும் கன்னத்திலும் வைத்துக்கொள்ளலாம். 

உப்பு நீரால் மூக்கைக் கழுவும் ஜலநேதியும் பலருக்குப் பயன் தருகிறது. ஒரு டம்ளர் நீருக்குக் கால் தேக்கரண்டி உப்பு போதும். அந்த நீர் நன்கு கொதிக்கவைத்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய் நீரையோ, கிணற்று நீரையோ, குளத்து நீரையோ அப்படியே மூக்கில் விடலாகாது. அத்தகைய நீரில் உள்ள ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளையைச் சென்றடைந்து உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடும். மூக்கடைப்பு நீங்கக் கடையில் வாங்கும் சொட்டுமருந்தை ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், அந்த மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கிவிடும். மூக்கடைப்பு மாத்திரைகளில் சில ரத்த அழுத்தத்தை ஏற்றுபவை. மருத்துவரைக் கேளாமல் முதியோர் அவற்றை உட்கொள்ளலாகாது.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். சைனஸ் என்று பல ஆண்டுகளாக எண்ணி மருந்து உண்பவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேன். அதிலும் குனிந்தால் வலி கூடும். மூக்கில் நீர் வடியும். ஆனால் வெளிச்சமும் ஓசையும் பொறுக்காது; குமட்டும்; படிக்கட்டு ஏறினாலே தெறிக்கும். இளமையிலிருந்தே இவ்வாறு வந்து போவோர் அஞ்ச வேண்டியதில்லை. 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தோன்றும் தலைவலியை மட்டும் ‘எல்லாருக்கும் வருவதுதானே’ என்று தள்ளிவிடக் கூடாது.

விரதமும் காபியும்

ஏகாதசியன்றோ சஷ்டியன்றோ பிற்பகலில் தலை வலிக்கத் தொடங்கி, குனிந்தால் விண்விண்ணென்று தெறிப்பதைப் பலர் அறிவர். விரதத்தின் கடுமை என்று அதைப் பொறுத்துக்கொள்வதும் வழக்கம். காரணம் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, நீர் குறைதல். வயது ஏறஏறத் தாக உணர்வு மங்கிவிடுகிறது. உடலுக்கு நீர் வேண்டியிருந்தாலும் நாக்கு கேட்பதில்லை. கோயிலில் நீண்ட நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்குமே, கழிப்பறைக்கு எங்கே செல்வது என்று அஞ்சி, வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்வோரும் உண்டு. மற்றொன்று, காபி. நாள்தோறும் இரண்டு மூன்று முறை ஃபில்டர் காபி பருகியவர் அதை ஒரேயடியாக நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தோன்றக்கூடும். முதல் நாள் காலையில் குடித்த காபிக்கு மறுநாள் விரதம் கணக்குக் கேட்கிறது என்று கொள்ளலாம்.

பரிகாரமும் எளியதே. விரத நாளுக்குச் சில நாட்கள் முன்பிருந்தே காபியின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். நீர்கூட அருந்தாத விரதத்தை முதுமையில் மேற்கொள்ளாமல், நீரும் பாலும் பழமும் கொள்ளும் விரதமாக மாற்றிக்கொள்ளலாம். முதியோருக்கும் நோயுற்றோருக்கும் விரதத்தில் தளர்வு உண்டு என்பது பெரியோர் கூறி வந்ததே. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள், மருத்துவரைக் கேளாமல் உணவைத் தவிர்க்கவே கூடாது. தலைவலியோடு வியர்வையும் படபடப்பும் கை நடுக்கமும் கண்டால், சர்க்கரை இறங்கிவிட்டது என்று அறிந்து உடனே சிறிது சர்க்கரையோ இனிப்பான பானமோ உட்கொள்ள வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பழுதுற்று, நீரின் அளவை மருத்துவர் வரையறுத்திருந்தால் அந்த அளவையே பின்பற்ற வேண்டும்.

கழுத்தும் கண்ணும் ரத்த அழுத்தமும்

பின்கழுத்தில் தொடங்கி உச்சி வரை ஏறி, குனிந்தாலும் திரும்பினாலும் கூடும் வலி, கழுத்தெலும்புத் தேய்மானத்தால் வருவதாக இருக்கலாம். நெடுநேரம் தலையைக் கவிழ்த்துப் பூத்தொடுப்போரும், மடியில் நூலை வைத்துப் பாராயணம் செய்வோரும் இதற்கு ஆளாகின்றனர். நூலைக் கண்ணின் உயரத்துக்கு ஏற்றும் ஒரு வியாசபீடமும், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும், உயரமற்ற தலையணையும் பாதி வலியைத் தீர்த்துவிடும்.

கண்ணைப் பற்றியும் ஒரு சொல். விளக்கை நோக்கும்போது சுடரைச் சுற்றி வானவில் போன்ற வண்ண வளையம் தெரிந்து, ஒரு கண் சிவந்து, அந்தக் கண்ணும் நெற்றியும் கடுமையாக வலித்து, வாந்தியும் வருமாயின் அது சாதாரணத் தலைவலியன்று. கண்ணுக்குள் அழுத்தம் திடீரென்று உயரும் ஒருவகைக் கிளாக்கோமா அது. மங்கிய வெளிச்சத்தில் கண்மணி விரியும்போது இது தொடங்கக்கூடும். வயது முதிர்ந்த பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. சுடரைச் சுற்றிய ஒளிவட்டத்தைத் தெய்வக் காட்சி என்று எண்ணி இருந்துவிடாமல், அன்றே கண் மருத்துவரை அடைய வேண்டும். தாமதித்தால் பார்வை போய்விடும். ஏற்கெனவே கண் அழுத்த நோய்க்கு மருந்து இட்டுக்கொள்வோர் சிரசாசனம் போன்ற, தலையை நெடுநேரம் கீழே வைக்கும் பயிற்சிகளைத் தவிர்ப்பது நல்லது. கண்புரை அறுவைக்குப் பின் எத்தனை நாள் குனியலாகாது என்பதை அறுவை செய்த மருத்துவரிடமே கேட்டு அதன்படி நடக்க வேண்டும்.

‘தலைவலித்தால் பிரஷர் ஏறியிருக்கிறது, வலிக்காவிட்டால் பிரஷர் இல்லை’ என்னும் நம்பிக்கையும் பிழையானது. ஓரளவு உயர்ந்த ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த வலியும் தருவதில்லை. ஓசையின்றியே உள்ளுறுப்புகளைக் கெடுக்கும். 180/120 என்னும் அளவை எட்டும்போதுதான் தலைவலி உண்டாகக்கூடும். அது அவசர நிலை. ஆகவே வலியைக் கொண்டு அளவிடாமல், கருவியைக் கொண்டே அளவிட வேண்டும்.

குனிந்து எழும்போது வலியின்றித் தலைசுற்றல் மட்டும் வருமானால், அது வேறு கணக்கு. எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் இறங்கிவிடுவது முதியோரிடம் காணப்படுகிறது. ரத்த அழுத்த மாத்திரைகளும், புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் இதற்குக் காரணமாகலாம். மாத்திரையைத் தாமே நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி நேரத்தையோ அளவையோ மாற்றிக்கொள்ள வேண்டும்.

வலி மாத்திரைக்கும் வரம்பு உண்டு

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் தரும் பாரசிட்டமால், அளவோடு கொண்டால் முதியோருக்குப் பெரும்பாலும் தீங்கற்றது. சளிக்கென்று தனியே விற்கும் மாத்திரைகளிலும் அதே மருந்து கலந்திருப்பதால், இரண்டையும் சேர்த்து உண்டு அளவை மீறிவிடுவோர் உண்டு. மூட்டு வலிக்கென்று வாங்கி வைத்த மாத்திரையைத் தலைவலிக்கும் போட்டுக்கொள்வது அதனினும் தவறு. அவற்றில் பல, வயிற்றில் ரத்தக் கசிவையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கி, ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். மாதத்தில் பாதி நாட்கள் வலி மாத்திரை உண்பவருக்கு, அந்த மாத்திரையே நாள்தோறும் தலைவலியை உண்டாக்கத் தொடங்கும்.

தலைவலி வந்த தேதி, நேரம், வலித்த இடம், முன்பு உண்டது, அன்று எடுத்துக்கொண்ட மருந்து ஆகியவற்றை நாட்காட்டியின் ஓரத்திலோ சிறு குறிப்பேட்டிலோ எழுதிவைப்பது நலம். வரவு செலவு எழுதாத கணக்கில் இருப்பு எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. அதுபோல, எழுதிவைக்காத வலியின் காரணம் மருத்துவருக்கும் எளிதில் புலப்படாது.

ஒரு நாளும் தாமதிக்கக் கூடாதவை

கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஒன்று இருந்தாலும் பற்று, தைலம், ஆவி என்று காலம் தாழ்த்தலாகாது.

இடி விழுந்தாற்போல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்துக் கொள்ளுதல், முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல், பார்வை மங்குதல் அல்லது பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிதல், வலிப்பு, மயக்கமும் அளவுக்கு மீறிய தூக்கமும் குழப்பமும். இவற்றில் எது கண்டாலும் 108-ஐ அழைக்க வேண்டும்.

விடியலில் வாந்தியோடு எழுப்பும் வலியும், இருமினாலும் தும்மினாலும் முக்கினாலும் குனிந்தாலும் வரும் புதிய வலியும், நாளுக்கு நாள் ஏறிவரும் வலியும் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. 50 வயதுக்கு மேற்பட்டவருக்கு நெற்றிப்பொட்டில் தொட்டாலே வலியும், மெல்லும்போது தாடையில் வலியும் இருந்தால், ரத்தக் குழாய் அழற்சி ஒன்று பார்வையைப் பறிக்கும் அபாயம் உண்டு. நம் நாட்டில் அரிதாயினும் அலட்சியம் கூடாது.

இவை அனைத்துக்கும் மேலாக, தலையில் அடிபட்டவர். அதிலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்பவர். சில வாரங்களுக்கு முன் பட்ட சிறு இடியானாலும் அதை மறவாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பெரியவருக்கு நேர்ந்தது

முதலில் சொன்ன பெரியவரின் வலி ஐந்து நாட்களாகத் தொடர்ந்தது. மூக்கில் அடைப்பும் இல்லை, சளியும் இல்லை. ஆனாலும் பனி என்றே அவர் எண்ணினார். ஐந்தாம் நாள் காலை, கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாள், “ஐயா, ஒரு கால் செருப்பு வழியிலேயே நின்றுவிட்டதே, தெரியவில்லையா?” என்று கூவி அழைத்தாள். இடக்காலிலிருந்து செருப்பு நழுவியது அவருக்குத் தெரியவே இல்லை. அன்று மாலை பூஜையறையில் நாற்பது ஆண்டுகளாக மனப்பாடமாக ஓதும் பதிகத்தில், பாடிய பாடலையே மறுபடியும் பாடினார். அடுக்களையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி, அடுப்பை அணைத்துவிட்டு வந்து மருமகளை அழைத்தார். இனி அவரைக் கேட்பதில் பயனில்லை என்று அந்த இரு பெண்களும் முடிவு செய்து, மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர்.

“ஐயா, அண்மையில் தலையில் ஏதேனும் அடிபட்டதா?” என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்று பெரியவர் உறுதியாகச் சொன்னார். மனைவிக்குத்தான் நினைவு வந்தது. “கார்த்திகை தீபத்தன்று அகல் தட்டோடு வரும்போது பூஜையறை நிலையில் இடித்துக்கொண்டீர்களே! எண்ணெய்கூடக் கீழே சிந்தியதே!” என்றார். பழைய வீட்டின் தாழ்ந்த நிலைவாசல். ரத்தமும் வரவில்லை, வீங்கவும் இல்லை. கையால் தேய்த்துவிட்டுத் தீபம் ஏற்றப் போய்விட்டார். ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு முந்தைய செய்தி அது. சீரற்ற இதயத் துடிப்புக்காக அவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் மருத்துவருக்குச் சொல்லப்பட்டது.

சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், மூளைக்கும் அதன் மேலுறைக்கும் இடையே ரத்தம் கசிந்து தேங்கியிருப்பது தெரிந்தது. முதுமையில் மூளை சற்றே சுருங்குகிறது. அதற்கும் மேலுறைக்கும் இடையே பாலமாக ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. சிறு இடியும் அவற்றைக் கிழித்துவிடப் போதும். கசிவு மெதுவாக இருப்பதால் அறிகுறி தோன்றச் சில வாரங்கள் ஆகின்றன. அதற்குள் இடித்துக்கொண்டதை எல்லோரும் மறந்துவிடுகின்றனர். மறதி, தள்ளாட்டம், ஒரு பக்கத் தளர்ச்சி ஆகியவற்றை வயதின் மேல் ஏற்றிவிடுவதும் எளிதாகிறது.

மருத்துவர்கள் ரத்தம் உறையாத மருந்தின் வேகத்தைத் தணித்து, மண்டையோட்டில் சிறு துளையிட்டுத் தேங்கிய ரத்தத்தை வடித்தனர். உரிய காலத்தில் செய்தால் பெரும்பாலோர் நலம் பெறும் சிகிச்சை இது. அவரும் நலம் பெற்றார். திருவாதிரையன்று அவர் கோயிலில் இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். செவிலியரிடம் கேட்டு, மனைவி கொண்டுவந்த திருவாதிரைக் களியில் ஒரு கரண்டி உண்டார். “சொல்லியிருந்தால் தரிசனம் தவறியிருக்காது” என்று மனைவி சொன்னதற்கு அவர் மறுமொழி கூறவில்லை. மறைத்ததனால் எதைக் காக்க எண்ணினாரோ அதுவே தவறிப் போயிற்று.

வணக்கத்தின் ஐந்து படிகள்

முதியோர் பலர் வலியை மறைப்பது, வழிபாடு நின்றுவிடுமே என்னும் அச்சத்தாலேயே. அந்த அச்சம் தேவையற்றது. சைவ மரபு வணக்கத்தை ஐந்து வகையாக வகுத்துள்ளது. தலையை மட்டும் தாழ்த்துவது ஏகாங்கம். வலக்கையைச் சிரசின் மேல் வைத்து வணங்குவது துவிதாங்கம். இரு கைகளையும் சிரசின் மேல் குவிப்பது திரயாங்கம். தலையும் இரு கைகளும் இரு முழந்தாள்களும் நிலத்தில் தோய வணங்குவது பஞ்சாங்கம். தலை, இரு கைகள், இரு செவிகள், மோவாய், இரு தோள்கள் என எட்டு உறுப்புகளும் தோய ஆண்கள் வணங்குவது அட்டாங்கம். குனிய இயலாதவருக்குத் திரயாங்கம் குறைவான வணக்கம் அன்று. அவருக்கு உரிய வணக்கம்.

பஞ்சாங்கத்தில் நெற்றி தரையைத் தொடும்போது தலை இதயத்தைவிடத் தாழ்ந்துவிடுகிறது. அட்டாங்கத்தில் படுத்த நிலையில் தலை சமமாக இருப்பினும், கீழே இறங்குவதும் எழுவதும் முதியோருக்குக் கடினம். மருத்துவர் அனுமதித்தபின் விழுந்து வணங்க விரும்புவோர், முதலில் ஒரு தூணையோ சுவரையோ பற்றி மண்டியிட்டு, மூச்சை அடக்காமல் மெல்ல விட்டபடி கீழிறங்க வேண்டும். எழும்போது முதலில் அமர்ந்து, பத்து எண்ணும் வரை காத்திருந்து, பிறகு நிற்க வேண்டும். கோலமிடுவோர் இடுப்பை வளைத்துத் தொங்காமல், தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து இடலாம். பூப்பொறுக்கவும் பாத்திரம் துலக்கவும் இதுவே வழி. வீட்டிலுள்ள தாழ்ந்த நிலைவாசலில் ஒரு மாவிலைத் தோரணமோ மஞ்சள் துணியோ கண்ணில் படுமாறு தொங்கவிட்டால், இடியிலிருந்து தலை தப்பும்.

திருநாவுக்கரசர் முதிர்ந்த வயதில் கயிலை காணப் புறப்பட்டார். நடந்து பாதம் தேய, கைகளால் தவழ்ந்து, மார்பால் ஊர்ந்து, புரண்டும் சென்றார். உறுப்புகள் எல்லாம் ஓய்ந்தபோது, இனியும் வருந்த வேண்டாம் என்று இறைவனே தடுத்து, திருவையாற்றில் கயிலைக் காட்சி தந்தருளினான் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. அவர் அருளிய திருஅங்கமாலையும் தலையோடு நின்றுவிடுவதில்லை. கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை, கால் என்று ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே வழிபாட்டுக்கு அழைக்கிறது. ஓர் உறுப்பு ஓய்வு கேட்டால், மற்றவை அதன் பணியை ஏற்கும்.

அந்தப் பெரியவர் மறு மாசி மாதத்தில் மகாசிவராத்திரிக்குக் கோயில் சென்றார். கொடிமரத்தருகே நின்று, இரு கைகளையும் சிரசின் மேல் குவித்தார். அருகில் நின்ற மனைவி அவர் காலைப் பார்த்தார். இரு செருப்புகளையும் வாசலில் ஒழுங்காக விட்டுவிட்டே வந்திருந்தார். வீடு திரும்பியதும், “இன்று தலை எப்படி இருக்கிறது?” என்று மனைவி கேட்குமுன், “இன்று வலிக்கவில்லை” என்று அவரே முன்வந்து சொன்னார்.